சபராளியின் தூரமும் நேரமும்

ஆகாய விமானத்தில் போகிறவருக்குக் கஸ்ரு உண்டா என்ற கேள்வி நம் பகுதியில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. ஒட்டகத்தின் மீதும் கால்நடையாகவும் நாள்கணக்கில் மணலில் நடந்தவர்களுக்கு அருளப்பட்ட சலுகை அல்லவா அது? குளிரூட்டப்பட்ட விமானத்தில் சாய்ந்து உட்கார்ந்து, கொண்டுவந்து கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டு, நான்கு மணி நேரத்தில் சிங்கப்பூரில் போய் இறங்குகிறவர் நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுவது எந்த வகையில் நியாயம் என்று கேட்கிறார்கள். கேட்கிறவர்கள் மார்க்கத்தை இலேசாக எண்ணுபவர்கள் அல்லர். பேணுதல் மிகுந்தவர்களே பெரும்பாலும் இப்படிக் கேட்கிறார்கள். ஆகையால் இதைச் சற்று நிதானமாகவே பார்ப்போம். இந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அதை ஏனோ நாம் யாரும் கேட்பதில்லை. அதற்கும் பின்னர் வருவோம்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். காரைக்காலில் விமான நிலையம் கிடையாது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் திருச்சிக்குச் சென்றும், பாரிசுக்குப் போகிறவர்கள் சென்னைக்குச் சென்றும் விமானம் ஏறுகிறார்கள். திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தூரம். விமானம் அதை நான்கு மணி நேரத்தில், அல்லது சற்றுக் கூடுதலான நேரத்தில் கடக்கிறது. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதால், இங்கே இரவு 12 மணிக்குப் புறப்பட்டவர் அங்கே இறங்கும்போது காலை ஆறரை மணி ஆகியிருக்கும். சுபுஹு எங்கே போயிற்று என்று தேட வேண்டிய நிலை. சென்னையிலிருந்து பாரிஸ் ஏறத்தாழ 8,000 கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காமல் போனாலும் பத்து மணி நேரம் பிடிக்கும்.

விமானம் மணிக்கு 800 முதல் 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிறது. கஸ்ருக்குரிய தூரமாக ஷாபிஈ மத்ஹபின் நூல்கள் கூறுவது 48 ஹாஷிமீ மைல்கள். அதாவது சுமையேற்றிய ஒட்டகம் இரண்டு நாள் நடக்கிற தூரம். இக்கால அளவில் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் என்று பலரும் கணக்கிடுகிறார்கள்; சிறிது கூட்டியும் குறைத்தும் சொல்பவர்களும் உண்டு. எப்படியானாலும் அந்த இரண்டு நாள் தூரத்தை விமானம் ஆறே நிமிடத்தில் கடந்துவிடுகிறது. இதைக் கேட்கும்போது, சலுகைக்கு இனி இடமேது என்று தோன்றத்தான் செய்யும்.

ஆனால் விமானம் பறக்கிற நேரத்தையே பிரயாணத்தின் நேரமாக எண்ணுவது சரியல்ல. காரைக்காலிலிருந்து புறப்படுகிறவர் திருமலைராயன்பட்டினம், வாஞ்சூர், நாகூர், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் என்று சாலை வழியாகத் திருச்சி போய்ச் சேர மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகிறது. இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக அங்கே இருக்க வேண்டும். இறங்கிய பின் பாஸ்போர்ட் சோதனை, பெட்டிக்காகக் காத்திருத்தல், தங்குமிடம் போய்ச் சேருதல். வாசல்படியிலிருந்து வாசல்படிக்குக் கணக்குப் போட்டால் நான்கு மணி நேரம் பன்னிரண்டைத் தொட்டுவிடும். அதுமட்டுமல்ல. கஸ்ருச் சலுகை விமானத்தின் கதவு மூடும்போது தொடங்குவதில்லை. தொலைதூரப் பிரயாணத்தை நாடியவர் தம் ஊரின் எல்லையைத் தாண்டியவுடனேயே முஸாபிர் ஆகிவிடுகிறார். காரைக்காலிலிருந்து திருச்சியே 80 கிலோமீட்டரைவிட ஏறக்குறைய இருமடங்கு தூரம். எனவே வாஞ்சூர்ச் சோதனைச் சாவடியில் வண்டி நிற்கும்போதே அவர் முஸாபிர்தான். விமானத்தைப் பற்றிய விவாதம் அதற்குப் பின்னால்தான் வருகிறது.

இனிச் சட்டத்துக்கு வருவோம். திருக்குர்ஆனில் அந்நிஸா அத்தியாயத்தின் 101-ஆம் வசனத்தில் தொழுகையைச் சுருக்குவது பகைவரைப் பற்றிய அச்சத்தோடு இணைத்துச் சொல்லப்பட்டிருக்கிறது. அச்சம் நீங்கிய பின்னும் ஏன் சுருக்குகிறோம் என்று ஒருவர் ஹஸரத் உமர் (ரலி) அவர்களிடம் கேட்டார். தமக்கும் அதே வியப்பு ஏற்பட்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடமே கேட்டதாகவும், அது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அவனுடைய தர்மத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் அவர்கள் பதில் அளித்ததாகவும் உமர் (ரலி) அவர்கள் கூறினார்கள். முஸ்லிம் ஷரீபில் வருகிற அறிவிப்பு இது. காரணம் போன பின்னும் கொடை நின்றது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சிரமம் இந்தச் சலுகையின் தத்துவம். ஆனால் சட்டம் தத்துவத்தின் மீது கட்டப்படவில்லை, பிரயாணம் என்னும் கண்ணுக்குத் தெரிந்த செயலின் மீது கட்டப்பட்டிருக்கிறது. சிரமத்தை அளக்கக் கோல் இல்லை. ஒருவருக்குச் சிரமமானது இன்னொருவருக்கு உல்லாசம். சித்திரை வெயிலில் நாளெல்லாம் மூட்டை சுமக்கிற தொழிலாளி உள்ளூரிலேயே இருக்கிறார் என்பதால் லுஹரை நான்கு ரக்அத்தாகவே தொழுகிறார். பல்லக்கில் போன சுல்தான் இரண்டு தொழுதார். இது அநீதி என்று அந்தத் தொழிலாளி நினைத்ததாக நாம் எங்கும் படித்ததில்லை. சிரமத்தையே அளவுகோலாக வைத்திருந்தால் ஒவ்வொருவரும் தம் உடம்பைத் தொட்டுப் பார்த்து, எனக்கு இன்று களைப்பாக இருக்கிறதா இல்லையா என்று தமக்குத் தாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும். தாராள மனத்தர் எல்லாவற்றுக்கும் சலுகை எடுப்பார். பேணுதலுள்ளவர் காய்ச்சலோடும் எடுக்கமாட்டார்.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்று உண்டு. ஹிஜ்ரி 676-இல், அதாவது கி.பி. 1277-இல் வபாத்தான இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் ‘மின்ஹாஜ்’ நூலில், கடல் பிரயாணமும் தரைப் பிரயாணத்தைப் போன்றதே என்று கூறுகிறார்கள். அந்த 48 மைலை ஒருவர் கடலில் ஒரே மணி நேரத்தில் கடந்துவிட்டாலும் அவர் சுருக்கித் தொழலாம் என்றும் சொல்லி வைத்திருக்கிறார்கள். பாய்மரம் மட்டுமே இருந்த காலம் அது. அந்த ஒரு மணி நேரம் நமக்கு ஆறு நிமிடமாகியிருக்கிறது. சட்டம் அங்கேயே நிற்கிறது. ஹனபீ மத்ஹபிலோ முஸாபிர் சுருக்கித் தொழுவது வாஜிப். விமானம் சுகமாக இருந்தது என்று நான்கு தொழ அங்கே இடமே இல்லை. நோன்பைப் பொறுத்தவரையில் ஷாபிஈ மத்ஹபில் இடர் இல்லையானால் நோற்பதே மேல் என்றிருக்கிறது. விட்டவர் மீதும் பழியில்லை, களாச் செய்ய வேண்டும். மேற்கே பாரிசுக்குப் பகலில் பறப்பவரின் நோன்பு சூரியனைத் துரத்திக்கொண்டு போவதால் பல மணி நேரம் நீண்டுவிடும் என்பதையும், தாம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைவதைக் கொண்டே திறக்க வேண்டும், காரைக்கால் கடிகாரத்தைப் பார்த்தல்ல என்பதையும் அவர் முன்னதாகவே நினைவில் கொள்வது நல்லது.

தூரத்தை விட்டு நேரத்தை அளவாக எடுத்தால் இன்னொரு தொல்லையும் வரும். நேரம் நிலையானதல்ல. மேற்கிலிருந்து கிழக்கே உயர்வானில் வீசும் பலத்த காற்றினால், பாரிசிலிருந்து வருகிற விமானம் பாரிசுக்குப் போகிற விமானத்தைவிட விரைவாக வருவதுண்டு. 2019 பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுவரை பாகிஸ்தான் தன் வான்வழியைப் பெரும்பாலும் மூடி வைத்திருந்தபோது டில்லியிலிருந்து ஐரோப்பா போன விமானங்கள் சுற்றிப் போயின. ஊர்கள் நகரவில்லை, மணி கூடியது. காற்றுக்கும் அரசாங்கங்களின் சண்டைக்கும் ஏற்ப ரக்அத்தின் எண்ணிக்கை மாறிக்கொண்டிருக்க முடியுமா? சுற்றுவழியைப் பற்றியும் நம் இமாம்கள் யோசித்திருக்கிறார்கள். ஓர் ஊருக்குக் குறுகிய வழியும் நீண்ட வழியும் இருக்க, வேறு நோக்கமின்றிச் சலுகைக்காக மட்டுமே ஒருவர் நீண்ட வழியைப் பிடித்தால் ஷாபிஈ மத்ஹபில் அவருக்குக் கஸ்ரு இல்லை. மனித மனத்தை நன்கு அறிந்தவர்கள் அவர்கள்.

ஆகவே பேணுதல் மிக்க அந்தச் சகோதரர் தயங்காமல் சலுகையை ஏற்றுக்கொள்ளட்டும். இனி, கேட்கப்படாத கேள்வி.

காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் வட்டாரத்தில் ‘சபர்’ என்ற சொல்லுக்குப் பொதுவாகப் பிரயாணம் என்று பொருளில்லை. “மச்சான் சபருலெ இருக்காஹ” என்றால் அவர் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ அரபு நாட்டிலோ பிழைப்புக்காக இருக்கிறார் என்று பொருள். அவரைச் சபராளி என்கிறோம். பத்து வருடம், இருபது வருடம் அங்கே இருந்தாலும் அவர் சபராளிதான். ஆனால் சட்டத்தின் மொழி வேறு. போய்ச் சேர்ந்த நாளும் புறப்படும் நாளும் நீங்கலாக நான்கு நாள் ஓரிடத்தில் தங்க நாடிவிட்டால் ஷாபிஈ மத்ஹபில் அவருடைய முஸாபிர் நிலை முடிந்துவிடுகிறது. ஹனபீ மத்ஹபில் பதினைந்து நாள் தங்க நாடினால் முடிகிறது. சிங்கப்பூரில் வேலைக்குப் போனவர் சேர்ந்த அன்றே நான்கு ரக்அத்துக்காரர். அல்லாஹ்விடம் அவர் ஊர்வாசி, நம்மிடம் மட்டும் அவர் இருபது வருடமும் பிரயாணி. தொழுகையில் எடுக்க முடியாத பிரயாணச் சலுகையை அவர் எங்கே எடுத்துக்கொள்கிறார் என்பதுதான் கேட்கப்படாத கேள்வி. தாய் தகப்பனுக்கும், மனைவிக்கும், பிள்ளைகளுக்கும், உடன்பிறந்தவர்களுக்கும் அவர் செலுத்த வேண்டிய ஹக்குகளில் எடுத்துக்கொள்கிறார். “நாங்க தூரத்துலெ இருக்கோம்” என்ற ஒரு சொல் எல்லாவற்றுக்கும் பதிலாகிவிடுகிறது.

ஒரு காலத்தில் அது உண்மையான பதிலாக இருந்தது. 1970-களின் தொடக்கம் வரை சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வந்து ஆளேற்றிக்கொண்டு பினாங்கு, சிங்கப்பூர் போன ‘ராஜுலா’ கப்பலில் பிரயாணம் ஏறத்தாழ ஒரு வாரம். அதற்குப் பின் அந்தக் கடல்வழியில் ஓடியது ‘சிதம்பரம்’. பிரெஞ்சுக்காரர்களின் ‘பாஸ்தேர்’ என்ற கப்பலாயிருந்து நம் நாட்டுக்கு விற்கப்பட்டது அது. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்து உயிர்ச்சேதம் ஏற்பட்டபின் அந்தச் சேவையே நின்றுபோயிற்று. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் சைகோனுக்குப் போய் வியாபாரமும் உத்தியோகமும் பார்த்த காரைக்கால்காரர்களுக்குத் தூரம் இன்னும் அதிகம். இப்படிப் போனவர்களிடம் ஒரு கடிதம் போய்ச் சேர்ந்து பதில் வரவே மாதங்கள் கழியும். கி.பி. 1325-இல் தாஞ்சியரை விட்டுப் புறப்பட்டு நம் சோழமண்டலக் கரைக்கும் வந்துபோன இப்னு பதூதா அவர்கள் 1348-இல் டமாஸ்கஸ் திரும்பியபோதுதான் தம் வாப்பா இறந்து பதினைந்து வருடமாயிற்று என்று அறிந்தார்கள். மறுவருடம் ஊர் போய்ச் சேருவதற்குள் உம்மாவையும் கொள்ளைநோய் கொண்டுபோயிருந்தது. அவர்களை யாரும் குற்றம் சொல்ல முடியாது. செய்தி நடந்துவர வேண்டியிருந்த காலம் அது.

இப்போது வாப்பாவுக்கு மூச்சுத் திணறுவதைச் சபராளி கைபேசியில் அந்த நிமிடமே பார்க்கிறார். நான்கு மணி நேர விமானம் தினமும் பறக்கிறது. 3,000 கிலோமீட்டர் என்பது அப்படியேதான் இருக்கிறது. சலுகை தூரத்தைப் பார்த்துத் தரப்பட்டது, ஆகையால் அது குறையவில்லை. ஆனால் மனிதர்களின் ஹக்கு விஷயத்தில் சாக்கு என்பது தூரத்தினால் வருவதல்ல. இயலாமையினால் வருவது. இயலாமை குறைந்தால் சாக்கும் குறைந்துதான் ஆக வேண்டும். ஹஸரத் உமர் (ரலி) அவர்கள் தம் ஆட்சிக்காலத்தில் ஓர் இரவு, கணவனைப் பிரிந்த ஒரு பெண்ணின் ஏக்கத்தைக் கேட்க நேர்ந்து, தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுப்பாள் என்று விசாரித்து, படையில் இருப்பவர்கள் அதற்கு மேல் வீட்டை விட்டு இருக்கக்கூடாது என்று கெடு வகுத்தார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. ஒட்டகத்தில் போய்வர வேண்டிய காலத்தில் வகுக்கப்பட்ட கெடு அது, ஜிஹாதில் இருந்தவர்களுக்கே வகுக்கப்பட்டது. விமானக் காலத்தில் நாம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, மூன்று வருடத்துக்கு ஒரு முறை என்று ஒரு கெடுவை நம் பெண்களைக் கேட்காமலேயே வகுத்துக்கொண்டிருக்கிறோம்.

பிரயாணம் வேதனையின் ஒரு துண்டு, உறக்கத்தையும் உணவையும் அது தடுக்கிறது, ஆகவே வந்த வேலை முடிந்ததும் விரைந்து குடும்பத்திடம் திரும்பிவிடுங்கள் என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அதன் முன்பகுதி நம் வாயில் அடிக்கடி வருகிறது, பின்பகுதி அவ்வளவாக வருவதில்லை. ஸபா நாட்டாரைப் பற்றி அல்லாஹு தஆலா 34-ஆம் அத்தியாயத்தில் சொல்வதும் இங்கே நினைவுக்கு வருகிறது. அவர்களுடைய பிரயாணத் தங்கல்களை அவன் ஒன்றுக்கொன்று அருகிலே அமைத்துக் கொடுத்திருந்தான். அவர்களோ தங்கள் பிரயாணங்களுக்கிடையே தூரத்தை அதிகமாக்கும்படி கேட்டார்கள். அருகில் ஆக்கப்பட்டதைத் தூரம் என்று சொல்லிக்கொண்டிருக்கும் நாம் அந்த வசனத்தைக் கொஞ்சம் மெதுவாக ஓத வேண்டியிருக்கிறது.

இதை எல்லாச் சபராளிகள் மீதும் ஒரே அளவாகச் சுமத்துவதும் தவறு. ஒப்பந்தம் முடியாமல் நகர முடியாத தொழிலாளி இருக்கிறார். பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொண்டதால் தவிப்பவர் இருக்கிறார். மூன்று மாதச் சம்பளம் ஒரு டிக்கெட்டுக்குப் போதாதவரும் இருக்கிறார். இவர்களுக்கும் ஊருக்கும் இடையே இருக்கிற தூரத்தைக் கிலோமீட்டரால் அளக்க முடியாது. 1962-இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்த குடும்பத்தில் பிறந்து பாரிசில் நல்ல உத்தியோகத்தில் இருப்பவருக்கு 8,000 கிலோமீட்டர் ஒரு நாள் காரியம். அரபு நாட்டில் கட்டட வேலை செய்பவருக்கு அதில் பாதித் தூரமும் எட்டாத தூரம். ஒவ்வொருவரும் தம்முடைய இயலாமை எவ்வளவு மெய் என்பதைத் தாமே அறிவார். நாம் அடுத்தவருடைய கணக்கைப் போடப் போனால் புறம் பேசுவதில்தான் முடியும். தொழுகையின் சலுகையை அளக்கத் தூரத்தைக் கொடுத்த ஷரீஅத்து இந்த விஷயத்தில் நம் கையில் அப்படியொரு கோலைத் தரவில்லை.

விமானத்தின் நேரம் நம் ஊரில் புதிதாக ஒரு வழக்கத்தையும் உண்டாக்கியிருக்கிறது. கப்பல் காலத்தில் வாப்பா மவுத்தானால் அன்றைக்கே அடக்கம்தான். சிங்கப்பூரிலிருந்த மகனுக்குத் தந்தி போகும், அவ்வளவே. ஒரு வாரத் தூரத்துக்காக யாரும் காத்திருக்கவில்லை. இப்போது பன்னிரண்டு மணி நேரத்தில் வந்துவிடலாம் என்பதால் மய்யித்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம். ஒரு விமானம் தவறினால் அடுத்தது, அதுவும் இல்லையென்றால் மறுநாள். பாரிஸ் மகனுக்காக ஒன்றரை நாள் காத்திருந்ததையும் நாம் கண்டிருக்கிறோம். தூரமாக இருந்தபோது விரைந்து அடக்கினோம், அருகில் வந்தபின் தாமதிக்கிறோம். ஜனாஸாவை விரைவுபடுத்தும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள். அடுத்த உரிமையுள்ள வலீ விரைவில் வந்துவிடுவார் என்றிருந்து, மய்யித்தில் மாறுதல் ஏற்படும் அச்சமும் இல்லையானால் அவருக்காகச் சற்றுப் பொறுப்பதில் தவறில்லை என்று ஷாபிஈ பிக்ஹு நூல்கள் அனுமதிக்கின்றன. அந்தச் ‘சற்று’ என்பதைக் குளிர்ப்பெட்டியின் பலத்தால் நீட்டிக்கொண்டே போகலாமா என்பதை ஜமாஅத்துப் பெரியவர்களும் உலமாக்களும் ஊர்க்கூட்டத்தில் ஒரு முறை உட்கார்ந்து பேசி ஓர் அளவு வைத்தால் நல்லது. துக்க வீட்டில் நின்றுகொண்டு அதை யாரிடமும் பேச முடியாது.

வர முடியாத மகனுக்கு வழியில்லாமல் இல்லை. அபிசீனிய மன்னர் நஜ்ஜாஷி வபாத்தானபோது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவிலிருந்தே அவருக்காக ஜனாஸா தொழுதார்கள். அதைக் கொண்டு ஷாபிஈ மத்ஹபில், தொலைவில் இருக்கிற மய்யித்துக்காகத் தொழுவது கூடும். ஹனபீ மத்ஹபில் அது இல்லை. அடக்கம் முடிந்தபின் வந்து சேர்கிற மகன், வண்டியை வீட்டுக்கு விடாமல் நேரே கபுருஸ்தானத்துக்கு விட்டு, கபுருக்கு முன் கிப்லாவை நோக்கி நின்று தன் வாப்பாவுக்காகத் தொழுதுகொள்ளலாம். ஷாபிஈ மத்ஹபில் அந்தத் தொழுகை நிறைவேறும்.